ராத்திரி, ரோடு, காஸ்ப்ளே: ஒரு போட்டோவுக்கு எவ்வளவு நேரம் தெருவில் நிற்கணும்?

இரவு பத்தரை மணி. தி.நகர்ப் பக்கம் ஒரு குறுக்குத் தெரு. ஷட்டர் இறக்கிய துணிக்கடை வாசலில் பிங்க் கிமோனோ, இடுப்பு வரை விக், வாயில் மூங்கில் துண்டு என்று ஒரு பெண் நிற்கிறாள். எதிரே கேமராவோடு ஒரு பையன். கொஞ்சம் தள்ளி மூணு பை, ஒரு தண்ணி பாட்டில், ஒரு ஜோடி செருப்போடு நான்.

அந்தப் பெண் என் தோழி. கேமரா பையன் எங்களோடு காலேஜில் படித்தவன். என் வேலை பை பிடிப்பது. அன்றைக்கு அந்தத் தெருவில் 1 மணி 40 நிமிஷம் நின்றோம். தேறிய படங்கள் நாலு.

மறுநாள் காலையில் அஞ்சாவதாக ஒன்று வந்தது. நாங்க எடுத்தது இல்லை. டீக்கடைப் பக்கம் நின்ற யாரோ போனில் எடுத்துப் போட்ட ரீல்ஸ். பின்னணியில் காமெடி மியூசிக், மேலே 'நடுராத்திரி மோகினி' என்று எழுத்து. சாயங்காலத்துக்குள் அது ஏதோ ஒரு வாட்ஸ்அப் குரூப் வழியாக அவள் அப்பா போனுக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அடுத்த ஒரு வாரம் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

மூணு வாரம் கழித்து அவள் மறுபடியும் போனாள். அதே உடை, அதே கேமரா பையன், பை பிடிக்க நான். இந்தத் தடவை 25 நிமிஷத்தில் முடிந்தது. படங்களும் முதல் தடவையைவிட நல்லா வந்தது. நடுவில் என்ன மாறியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஹால் இருக்க, தெரு எதுக்கு?

முதலில் தெரியாதவர்களுக்காக. காமிக்ஸ், அனிமே, கேம், சினிமா கதாபாத்திரங்களைப் போல உடுத்தி, ஒப்பனை செய்து, அந்தப் பாத்திரமாகவே நிற்பதுதான் காஸ்ப்ளே. 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு ஃபாரஸ்ட் ஆக்கர்மேனும் மிர்ட்டில் டக்ளஸும் எதிர்காலத்து மனிதர்கள் மாதிரி உடுத்திப் போனதை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 'காஸ்ப்ளே' என்ற சொல்லை 1983-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் உருவாக்கியவர் ஜப்பானைச் சேர்ந்த நொபுயுகி தகாஹாஷி. 2011-ல் டெல்லியில் தொடங்கிய காமிக் கான் இந்தியா சென்னைக்கு வந்தது 2024 பிப்ரவரியில், நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு.

மாசக்கணக்கில் தைத்த உடையை அந்த இரண்டு நாளில் போடுகிறார்கள். ஆனால் ஹாலில் எடுத்த படங்களைப் பாருங்கள். தலைக்கு நேர் மேலே வெள்ளை விளக்கு, கண்ணுக்குக் கீழே நிழல், பின்னால் பிரியாணி ஸ்டால் க்யூ. பாத்திரம் வாழ்கிற உலகம் அங்கே இல்லை. அதனால்தான் நிகழ்ச்சி முடிந்ததும் தெருவைத் தேடிப் போகிறார்கள்.

என் தோழி போட்டது 'டீமன் ஸ்லேயர்' நெசுகோ வேடம். இந்தத் தொடரின் சினிமா 2025 செப்டம்பரில் தமிழிலும் டப் ஆகி இங்கே தியேட்டர்களுக்கு வந்தது. அண்ணன் தஞ்சிரோவின் கண் முன்னே பேயாக மாறியவள் நெசுகோ. வெயில் பட்டால் எரிந்துவிடுவாள். (பிறகு வெயிலையும் ஜெயிப்பாள், ரசிகர்கள் சண்டைக்கு வர வேண்டாம்.) அப்படிப்பட்டவளைப் பகலில் பார்க்கில் நிற்க வைத்து எடுத்தால் கதையே தப்பு. அவளுக்கு ராத்திரிதான் பொருத்தம்.

கண்ணுக்குப் பளிச், கேமராவுக்குக் கும்மிருட்டு

நண்பகல் வெயிலில் சுமார் 1 லட்சம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். நல்ல தெருவிளக்குக்கு நேர் கீழே 15 முதல் 30 லக்ஸ். அதாவது சில ஆயிரம் மடங்கு குறைவு. நம் கண் இருட்டுக்குப் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. கேமராவுக்கு உறைக்கும். அது மூணு வழியில் ஈடுகட்டப் பார்க்கும். லென்ஸை அகலமாகத் திறக்கும், உணர்திறனைக் கூட்டும், இல்லையென்றால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கும்.

முதல் இரண்டுக்கும் எல்லை உண்டு. எஃப் 1.8 லென்ஸை முழுக்கத் திறந்து, ஐஎஸ்ஓவை 3200-க்கு ஏற்றி வைத்தாலும், தெருவிளக்கில் ஷட்டர் வேகம் 1/100 நொடி பக்கம்தான் நிற்கும். அந்த அகலத்தில் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காதோரம் மங்கிவிடும். அவள் லேசாக முன்னால் சாய்ந்தால்கூட கண்ணும் மங்கிவிடும். அதனால் 'இன்னொண்ணு', 'ஒரே ஒண்ணு' என்று போய்க்கொண்டே இருக்கும். எங்கள் ஒண்ணே முக்கால் மணி நேரத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கரைந்தது.

அந்த நேரம் முழுக்க அவள் நடுத்தெருவில் நிற்கிறாள். கேமராவுக்கு வெளிச்சம் பத்தாதபோதெல்லாம் அந்தக் கடனை அடைப்பது உடை போட்டு நிற்கிற ஆள். முதல் நாள் இது எங்களுக்குப் புரியவில்லை.

நிறம் காணாமல் போன கதை

முதல் நாள் நாங்கள் தேர்ந்தெடுத்த மூலையில் பழைய சோடியம் விளக்கு. அந்த ஆரஞ்சு வெளிச்சம் பார்க்க சினிமா மாதிரி இருந்தது, ஆசையாகப் போய் நின்றோம். படத்தைத் திறந்தால் பிங்க் கிமோனோ செங்கல் நிறத்தில் இருக்கு. நெசுகோவின் அடையாளமே கருப்புக் கூந்தலின் நுனியில் வரும் ஆரஞ்சு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து விக் நுனிக்குச் சாயம் ஏற்றியிருந்தாள். ஊரே ஆரஞ்சாக இருக்கும்போது அது எங்கே தனியாகத் தெரியும்?

'ஒயிட் பேலன்ஸை மாத்திக்கலாம்டா' என்றான் கேமரா பையன். மாற்றினான். வரவில்லை. காரணம் எளிது. சோடியம் விளக்கின் ஒளியில் மஞ்சள்-ஆரஞ்சு பகுதிதான் நிறைய, நீலம் ரொம்பக் குறைவு. விளக்கே தராத நிறத்தை உடை எப்படித் திருப்பிக் கொடுக்கும்? கேமராவில் இருப்பதைக் கூட்டலாம் குறைக்கலாம், இல்லாததைக் கொண்டுவர முடியாது.

அப்போ எல்இடி விளக்குக்குக் கீழே போய்விட்டால் சரியா? நிறம் தேறும், வேறு தலைவலி வரும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண எல்இடி விளக்குகள் பலவும் நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசமாகும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/500 என்று வேகமாக வைத்தால் ஒரு படம் வெளிச்சமாக, அடுத்தது இருட்டாக வரும், அல்லது படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழும். 1/100 அல்லது 1/50 வைத்தால் முழுச் சுற்று அடங்கிவிடும், பிரச்சினை இருக்காது. கடைகளில் ஓடுகிற எழுத்து போர்டுக்கு இதுவும் போதாமல் போகலாம், பாதி எழுத்து அழிந்து தெரியும், இன்னும் மெதுவாக எடுத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் இது இன்னும் வேடிக்கை. டோக்கியோவில் 50 ஹெர்ட்ஸ், ஒசாகாவில் 60. ஒரே நாட்டில் ஊர் மாறினால் ஷட்டர் கணக்கும் மாறும்.

மெடிக்கல் ஷாப் வாசல்

இரண்டாவது தடவை போவதற்கு முந்தின நாள் ராத்திரி, நானும் கேமரா பையனும் மட்டும் அதே ஏரியாவைச் சுற்றினோம். நான்தான் டம்மி நெசுகோ, ஜீன்ஸ் டி-ஷர்ட்டில். எங்கே நிற்பது, எந்த விளக்கு எந்தப் பக்கம் விழுது, என்ன செட்டிங் என்பதெல்லாம் அன்றைக்கே முடிவாகிவிட்டது. உடை போட்ட ஆளைத் தெருவில் நிற்க வைத்துக்கொண்டு சோதனை செய்யக்கூடாது. 25 நிமிஷத்தில் முடிந்ததற்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான்.

அன்று கண்டுபிடித்தது மெடிக்கல் ஷாப். ராத்திரி லேட்டாகவும் திறந்திருக்கும். முகப்பு முழுக்க வெள்ளை விளக்கு, அதனால் ஒளி ஒரே புள்ளியில் இருந்து வராமல் அகலமாக, மென்மையாக வரும். ஆள், சிசிடிவி, கல்லாவில் ஒரு அண்ணன் என்று பாதுகாப்பும் கூடவே கிடைக்கும். 'அண்ணே, நாளைக்கு இந்த ஓரத்துல பத்து நிமிஷம் நின்னு போட்டோ எடுத்துக்கட்டுமா?' என்று முன்கூட்டியே கேட்டோம். 'கஸ்டமர் வந்தா வழி விடுங்க' என்றார். அவ்ளோதான்.

முகத்துக்கு ஒரு சின்ன ஃப்ளாஷ். அதைக் கேமரா மேலே மாட்டி நேராக அடித்தால் செயற்கை இழை விக் பிளாஸ்டிக் மாதிரி மின்னும், பின்னணி கரியாகிவிடும். அதனால் கழற்றிப் பக்கவாட்டில், ஒன்றரை மீட்டர் தள்ளி, முன்னால் ஒரு சின்ன வெள்ளைத் துணிப் பெட்டியோடு. ஃப்ளாஷ் போட்டோவில் இரண்டு வெளிச்சம் தனித்தனியாக வேலை செய்யும். முகத்தில் விழும் ஃப்ளாஷ் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மாதிரி சட்டென்று வந்து போகும், ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதற்குக் கவலையில்லை. பின்னால் இருக்கும் தெருவுக்குத்தான் ஷட்டர் நேரம் வேண்டும். எனவே ஷட்டரை வைத்துத் தெருவின் வெளிச்சத்தையும், ஃப்ளாஷின் பவரை வைத்து முகத்தையும் தனித்தனியாகச் சரிசெய்யலாம். ஷட்டர் 1/60 வைத்தாலும் முகம் ஆடாமல் வரும். தூரம் மட்டும் மாறக்கூடாது. விளக்கை இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும்.

ஃப்ளாஷ் வண்டி வருகிற திசையைப் பார்த்து இருக்கவே கூடாது. இருட்டில் வருகிற பைக்காரர் கண்ணில் அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லவா வேணும்? ஸ்டாண்டையும் யாராவது ஒருவர் கையில் பிடித்துக்கொள்வது நல்லது. கடல்காத்து ஒரு தடவை வீசினால் குடை கவிழும்.

போன் மட்டும்தான் இருக்கா? பரவாயில்லை. நைட் மோட் என்பது சில நொடிகளுக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது. அதனால் ஆள் சிலையாக நிற்கும் போஸுக்குச் சரி, கிமோனோ கை காற்றில் பறந்தால் பேய்ப்படம்தான். (நெசுகோவுக்கு ஓகேன்னு வெச்சுக்கலாம்.) இன்னொரு போனின் டார்ச் முன்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, நைட் மோடை அணைத்துவிட்டு எடுத்துப் பாருங்கள்.

உடைக்குள்ளே ஒரு ஆள் இருக்கு

நெசுகோவின் வாயில் மூங்கில் இருக்கும். கதையில், அவள் மனிதர்களைக் கடித்துவிடாமல் இருக்க. நிஜத்தில், அதை மாட்டிய பிறகு தோழியால் பேச முடியாது. கண்ணில் கலர் லென்ஸ், பக்கவாட்டில் விக் மறைப்பதால் யார் வருகிறார்கள் என்பதும் சரியாகத் தெரியாது. முதல் நாள் ஒருவர் பக்கத்தில் வந்து தோளில் கை போட்டு செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார். அவள் 'வேணாம்' என்று சொல்லவே முடியவில்லை. முடிச்சு விக்குக்கு அடியில் இருந்தது. நான் பத்தடி தள்ளி போனில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கு.

காஸ்ப்ளே வட்டாரத்தில் கூடப் போகிறவரை 'ஹேண்ட்லர்' என்பார்கள். பை பிடிப்பது அவர் வேலையில் கடைசி. ஆள் பார்க்காத பக்கத்தை இவர் பார்க்கணும். பள்ளம், திறந்த வடிகால், மழை பெய்திருந்தால் மின்வாரிய பில்லர் பாக்ஸ் பக்கம் தேங்கிய தண்ணி. (ஈர ரோடு படத்தில் கண்ணாடி மாதிரி அழகாக இருக்கும். அதனால்தான் சொல்கிறேன்.) யாராவது போனைத் தூக்கினால் நடுவில் போய் நின்று 'ப்ரோ, கேட்டுட்டு எடுங்க' என்று சொல்லணும். இரண்டாவது தடவை ஒரு சைகை வைத்துக்கொண்டோம். இடது கையை மூடினால் 'நிறுத்து'. மூங்கிலின் முடிச்சுக்குப் பதில் ஒரு ஹூக். நெசுகோ உடையோடு ஆட்டோவில் வராமல், மேலே ஒரு நீளமான கோட் மாதிரி போட்டு மூடிக்கொண்டு வந்தாள்.

இது ஜப்பானில் பழைய பழக்கம். டோக்கியோவின் காமிக்கெட் சந்தைக்கு வேடத்தோடு வருவதும், வேடத்தோடு வீட்டுக்குக் கிளம்புவதும் கூடாது. உள்ளே உடை மாற்ற இடம் உண்டு. இகெபுகுரோவில் 2014 முதல் தெருவிலேயே ஹாலோவீன் காஸ்ப்ளே விழா நடக்கிறது, அதுவும் உடை மாற்ற இடம், நேரம், விதி எல்லாம் வைத்து. அதே டோக்கியோவில் ஷிபுயாவில் யாரும் நடத்தாமல் கூட்டம் தானாகச் சேர்ந்தது. 2018-ல் ஒரு சின்ன லாரியையே கவிழ்த்தார்கள். 2023-ல் 'ஹாலோவீனுக்கு ஷிபுயா வராதீங்க' என்று அந்த வார்டு மேயரே கேட்டுக்கொண்டார். 2024 அக்டோபர் முதல் அங்கே வருஷம் முழுக்க சாயங்காலம் 6 முதல் காலை 5 வரை தெருவில் மது குடிக்கத் தடை. காஸ்ப்ளேக்குப் பேர் போன நாட்டிலும் தெருவில் வேடம் என்றால் தலைவலி உண்டு.

வேடம் நமக்குப் புதுசும் இல்லை. குலசேகரப்பட்டினம் தசராவில் காளி, குறத்தி, போலீஸ், குரங்கு என்று ஆயிரக்கணக்கானவர்கள் விரதமிருந்து வேடம் கட்டித் தெருத்தெருவாகப் போகிறார்கள். காளி வேடம் போட்டவர் வந்தால் காசு போட்டுக் கும்பிடுகிறோம். அங்கே யாரும் தோளில் கை போடுவதில்லை. அது நேர்த்திக்கடன், இது பொழுதுபோக்கு என்பது சரிதான். ஆனால் பொழுதுபோக்குக்கு வேடம் போட்டவரின் தோள் மட்டும் எப்படிப் பொதுச் சொத்தாகிறது?

சட்டம் என்ன சொல்லுது?

பொதுத் தெருவில் கையில் கேமரா வைத்துப் படமெடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. ஸ்டாண்டும் விளக்கும் வைத்து நடைபாதையை அடைத்தால் கிளப்பிவிட போலீஸுக்குக் காரணம் கிடைத்துவிடும். ரயில், மெட்ரோ நிலையங்களுக்குள் அனுமதி தேவை.

போலீஸ், ராணுவ உடை வேடங்களில் கவனம் வேண்டும். நிஜ போலீஸ், நிஜ ராணுவ வீரர் என்று நம்ப வைக்கும் நோக்கத்தோடு அந்த உடை போடுவது பாரதிய நியாய சன்ஹிதாவில் குற்றம் (பிரிவுகள் 168, 205). நோக்கம்தான் முக்கியம் என்றாலும், நடுராத்திரி ரோந்து வண்டிக்காரருக்கு உங்கள் நோக்கத்தை விளக்கிக்கொண்டு நிற்பது சுகமான வேலை இல்லை. நிஜத் துப்பாக்கி மாதிரி இருக்கிற பொம்மையைத் தெருவுக்குக் கொண்டு போகவே வேண்டாம் என்பது என் கருத்து. எங்களிடமும் ரோந்து வண்டி வந்தது. 'என்னம்மா, நாடகமா?' என்று கேட்டார்கள். ஆதார் காட்டி, ஹாலில் எடுத்த பழைய படங்களையும் காட்டியதும் 'சீக்கிரம் கிளம்புங்க' என்று போய்விட்டார்கள்.

யாராவது உடைக்குக் கீழிருந்து, அந்தரங்க உறுப்புகள் தெரியும்படி எடுத்தால்? 'பொது இடத்துலதானே நின்னீங்க' என்ற வாதம் செல்லாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவு, இடம் பொதுவா தனியா என்று பார்க்காது. 3 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பின்தொடர்வதற்கும் தொந்தரவு செய்வதற்கும் நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவுகள் உண்டு. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 181.

ஆனால் என் தோழியைப் பற்றி வந்த அந்த ரீல்ஸ்? முகம், உடை, கேலியான தலைப்பு, அவ்வளவுதான். அதில் ஆபாசம் இல்லை, இந்தப் பிரிவுகளுக்குள் அது வரவும் இல்லை. புகார் பட்டனை அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அந்த அக்கவுன்ட்டுக்கு அவளே மெசேஜ் அனுப்பி, 'அண்ணா, வீட்ல பிரச்சினை ஆகுது' என்று கெஞ்சி எடுக்க வைத்தாள். 2014-ல் நியூயார்க் காமிக் கானில், வேடம் போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்று பெரிய போர்டே வைத்தார்கள். ஹாலுக்குள் போர்டு வைக்கலாம். தெருவில் அந்த போர்டு ஹேண்ட்லர்தான்.

சரி, படம் யாருடையது?

இதில்தான் நண்பர்களுக்குள்ளேயே சண்டை வரும். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957-ன்படி ஒரு போட்டோவை உருவாக்கியவர் அதை எடுத்தவர். சும்மா நட்புக்காக எடுத்தால் உரிமை போட்டோகிராஃபருக்கு. நீங்கள் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் முதல் உரிமையாளர் நீங்கள். காஸ்ப்ளே ஷூட்டில் பெரும்பாலும் காசு கைமாறுவதில்லை. ஆக, ஆறு மாசம் உடை தைத்தவருக்குத் தன் படத்தின் மேல் உரிமை இல்லாமல் போகலாம். அதனால் ஷூட்டுக்கு முன்னாடியே எழுதிவைத்துக்கொள்வது நல்லது. முத்திரைத்தாள் எல்லாம் வேண்டாம். தோழி அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் இதுதான்: 'நான் ஓகே சொன்ன படம் மட்டும் போடணும். எப்போ வேணாம்னு சொன்னாலும் எடுத்துடணும். இடம் டேக் பண்ணக்கூடாது.' அவன் ஒரு தம்ஸ்-அப் போட்டான்.

இடம் விஷயத்தில் இன்னொன்று. இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போது படத்தோடு ஒட்டியிருக்கும் ஜிபிஎஸ் விவரம் மற்றவர்களுக்குப் போகாது. வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். அதைவிட, பின்னால் தெரிகிற கடை போர்டும் பைக் நம்பரும் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

இரண்டாவது ராத்திரி எடுத்ததில் ஒரு படம் இருக்கு. மெடிக்கல் ஷாப் வெளிச்சம் ஒரு பக்கம், தூரத்தில் பஸ்ஸின் சிவப்பு விளக்கு கோடாக நீள்கிறது, கூந்தல் நுனியின் ஆரஞ்சு ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. இந்தக் கட்டுரைக்கு மேலே அதைப் போடலாமா என்று அவளிடம் கேட்டேன். ரெண்டு நாள் யோசித்தாள். அப்பா இன்னும் சரியாகப் பேசலை, வேணாம் என்றாள். அதனால போடலை.